மிச்சக் காசு

ஜீப்பைத் திருப்பி எடுத்த அன்று
வாசல் பொலிஸ்காரர் இருவரும்
பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கி வைத்துவிட்டு
"போறோம் மேடம்" என்றார்கள்.
அதுதான் கடைசி மேடம்.

ஊடகச் சந்திப்புக்கு
நீலச் சேலையை அவர்தான் எடுத்து வைத்தார்.
கமராவில் நன்றாய் விழுமாம்.
மேசைக்குக் கீழே செருப்பைக் கழற்றி
குளிர்ந்த தரையில் காலை வைத்திருந்தேன்.
அது எந்தப் படத்திலும் இல்லை.

ராஜகிரியச் சந்தி வந்தால்
சாரதி விமலதாச ரேடியோவைக் கூட்டுவான்.
கிரிக்கெட் பைத்தியம் என்றிருந்தேன்,
ஆறு வருஷம்.
அந்த மாடிவீட்டுத் திரைச்சீலையின் நிறம்கூட
இப்போது நாட்டுக்கே தெரியும்.

இன்று நூறாம் இலக்க பஸ்ஸில்
வெள்ளவத்தைக்கு வந்தேன்.
கொண்டக்டருக்கு என்னை அடையாளமில்லை,
மிச்சக் காசும் தரவில்லை.
எழும்பி நின்று கேட்டேன்,
சிங்களத்தில்,
பஸ்ஸே திரும்பிப் பார்க்க.

மீன் கடையில் செபமாலை
பாரையின் செவுளைத் தூக்கிக் காட்டினான்.
விலை சொன்னான். குறைக்கச் சொன்னேன்.
வாயைப் பார்த்தான்,
குறைத்தான்.

"தலையும் வேணுமாக்கா?"

அவருக்குப் பிடிக்காதென்று
இருபது வருஷம் பூனைக்குப் போன தலை.

போடு, என்றேன்.