வியாழன் திறப்பு

சைக்கிள் திருத்தும் கடைக்கு மேலே
பன்னிரண்டு படி.
ஏழாவது ஆடும்.
புதிதாய் வருகிறவன் அங்கேதான் நின்று
திரும்பிப் போவதா என்று யோசிப்பான்.
நானும் நின்றேன், மூன்று வியாழன்.
நாலாவதில் பிறிசில்லா மிஸ் மேலிருந்து எட்டிப் பார்த்து
"படி ஆடும், சுவரைப் பிடியுங்கோ" என்றார்.
வேறொன்றும் கேட்கவில்லை.

இப்போது திறப்பு என் சட்டைப் பையில்.
ஒன்பது மாதம் தாண்டினவனிடம் கொடுப்பது
இங்கே வழக்கமாம்.
அவுட்போட் மோட்டாரின் விசிறியைக் கழற்றி
விற்றுக் குடித்தவன் நான்.
வீட்டில் அலமாரித் திறப்பு இன்னும்
ஜெயமலரின் இடுப்பில்தான்.
அது நியாயம்.

ஐந்து மணிக்குள் போய்
பதினொரு கதிரை போட வேண்டும்,
வட்டமாக அல்ல, பிறை மாதிரி,
எல்லோரும் ஜன்னலுக்கு முதுகு காட்ட.
ஜன்னலில் எதிர்த் தவறணையின்
பச்சைப் பலகை தெரியும்.
பிறகு கேத்தில், தேயிலை, சீனி.
சீனி நிறைய.
விட்டவனின் உடம்பு
இனிப்புக் கேட்டு அடம்பிடிக்கும்.

பதிவேட்டில் பெயர் இல்லை, இலக்கம் மட்டும்.
நாலாம் இலக்கம்
மூதூருக்குக் கடைசி பஸ் போய்விடுமென்று
மணிக்கூட்டோடுதான் பேசுவார்.
ஒன்பது, கிண்ணியாப் பையன்,
நோன்பு முப்பதும் தொடாமலிருந்து
பெருநாள் இரவில் விழுந்ததைச் சொல்லி
தேத்தண்ணிக் கோப்பைக்குள் அழுதான்.
ஆறுக்குச் சிங்களம் மட்டும்.
என் துறைமுகச் சிங்களத்தில் மொழிபெயர்ப்பேன்.
ஒருநாள் நடுக்கம் என்பதற்குச் சொல் வரவில்லை.
கையை நீட்டிக் காட்டினேன்.
ஆட்டிக் காட்டத் தேவைப்படவில்லை.

ஐஸ் என்றால் எனக்கு முன்பு மீன்.
திருக்கடலூர்க் கரையில் விடியமுன்
பெட்டிக்குள் உடைத்துக் கொட்டுவது.
இருபத்திரண்டு வயது ஒருவன் இப்போது
அந்தச் சொல்லைச் சொல்லும்போது
பல்லை நெறுமுகிறான்.
சாராயக்காரர்கள் நாங்கள்
பழைய காலத்து ஆட்கள் போல
வாயடைத்து இருந்தோம்.

செவ்வாய்க்கிழமைத் திறப்பு என்னிடம் இல்லை.
அன்று பின்வாசலால் பெண்கள் வருவார்கள்.
"கனபேரோ?" என்றேன் மிஸ்ஸிடம்.
"கதிரை காணாது."

கார்த்திகை மழையில் ஒரு வியாழன்
ஊரெல்லாம் கரண்ட் இல்லை.
மிஸ் யாரையோ ஏற்றிக்கொண்டு
பெரியாஸ்பத்திரிக்குப் போயிருந்தார்.
ஆறு மணியாச்சு, ஆறரையாச்சு.
பதினொரு கதிரையும் நானும்.
தவறணையில் ஜெனரேட்டர்.
முழுத் தெருவுக்கும் அந்தப் பச்சை வெளிச்சம்தான்.
அது ஜன்னலால் வந்து
வெறுங்கதிரைகளில் ஒவ்வொன்றாய் இருந்தது.
ஒரு கால் போத்தல். யாருக்குத் தெரியும்.
எழும்பினேன் என்றுதான் நினைக்கிறேன்.
கையில் திறப்பு இருந்தது.

அப்போது கீழே ஒரு சத்தம்.
ஒரு படி. இன்னொரு படி.
பிறகு அசைவில்லை.
அந்த நிற்பு எனக்குத் தெரியும்.
இருட்டுக்குள் தலையை நீட்டி
"படி ஆடும், சுவரைப் பிடியுங்கோ" என்றேன்.
பதிலில்லை.
போனில் வெளிச்சம் அடித்தேன்.

மான்.
கோட்டைப் பக்கத்திலிருந்து
பஸ் நிலையக் குப்பைக்கு வருகிற மானில் ஒன்று,
நனைந்து, இரண்டாம் படியில் முன்னங்கால் வைத்து
என்னைப் பார்த்தது.
நான் சிரித்தேன்.
தனியே சிரித்துக் கனகாலம்.
மழை விடும்வரை அது கீழே, நான் மேலே.
சீனி கூட்டிப் போட்டு
இரண்டு கோப்பை குடித்தேன்.

எட்டரைக்குப் பூட்டினேன்.
தவறணைப் பக்கத்தால் போனால் வீடு கிட்ட.
நான் உள்துறைமுக வீதியால் சுற்றி,
கணுக்கால் வெள்ளத்தில் செருப்பைக் கையில் பிடித்து,
நாற்பது நிமிடம் நடந்தேன்.

அடுத்த கிழமை மிஸ் பதிவேட்டை விரித்தார்.
வருகை: ஒன்று.
கீழே, என் கோணல் எழுத்தில்: ஒரு மான்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கேட்டார்,
"இலக்கம் போடேல்லையோ அதுக்கு?"