காய்ச்சல் அட்டையில் ஒரு மலை

ஆறாம் வாட்டில் இரவுக் கடமை.
கடைசி நோயாளியும் குறட்டைக்குப் போன பின்
பாவிக்காத காய்ச்சல் அட்டை ஒன்றின் மேல்
பாதை வரைகிறேன்.

திருகோணமலை: பூச்சியம்.
கந்தளாய் வரை கோடு படுத்தே கிடக்கிறது,
சுகதேகி ஒருத்தரின் நாலு நாள்.
ஹபரணையில் சிறு கதகதப்பு.
பொலன்னறுவையில் அதுவும் தணிந்து,
மஹியங்கனை தாண்டியதும்
எழும்புகிறது பார், சட்டென்று,
டெங்கு மாதிரி, ஒரே ராத்திரியில்.
அட்டையில் இடம் போதவில்லை.
மேலே இன்னோர் அட்டையை
பிளாஸ்டர் போட்டு ஒட்டினேன்.

பதினெட்டு வளைவு.
பஸ்ஸில் ஒருதரம் இறங்கியிருக்கிறேன் அதால்,
பொலித்தீன் பைக்குள் முகத்தை வைத்தபடி.
ஆகவே அந்த மலையை எனக்கு
மணத்தால் மட்டும் தெரியும்.

நிஸ்மியாவுக்கு அதுவும் தெரியாது.
ஐஸ் கொம்பனியில் கணக்கெழுதுகிறவள்,
எதையும் கட்டியாகக் கேட்பாள், கிலோவாகக் கேட்பாள்.
ஏற்றம் மட்டும் எத்தனை கிலோமீற்றர்?
எத்தனை போத்தல் தண்ணீர்?
மின்னேரியாப் பக்கம் யானை
எத்தனை மணிக்கு வீதிக்கு வரும்?
யானையிடம் நேரசூசி இல்லை என்றேன்.
அப்ப நாலு மணிக்கு முதல் கடப்பம் என்று
கொப்பியில் சிவப்பால் எழுதி
அடிக்கோடும் போட்டாள்.

அநுராதபுரச் சந்தியில் சிவலோகன் கடை.
பின்சில்லுக்கு முப்பத்துநாலு பல்லு பூட்டினான்,
செயினில் ஒரு கண்ணி கூட்டினான்.
பிரேக் கட்டை மூன்று சோடி வேணும் என்றான்.
"ஏறுறதைப் பற்றி எல்லாரும் கேக்கினம்.
திரும்பி இறங்குறதை
ஒருத்தரும் கேக்கினம் இல்லை."
கேட்காமல் இருந்ததற்கும் சேர்த்துக்
காசு வாங்கினான்.

பழகுவதற்கு இந்த ஊரில் என்ன இருக்கிறது?
ஊரின் பேரில் ஒரு மலை,
உவர்மலையின் பேரில் இன்னொன்று.
இரண்டையும் உருக்கி வார்த்தாலும்
ஒன்றரை வளைவு தேறாது.
எண்டாலும் வெள்ளி விடிய ஐந்து மணிக்கு
உள்துறைமுக வீதியிலிருந்து மேலே ஏறினோம்,
இறங்கினோம்,
ஏறினோம்.
ஐந்தாம் தரம்
பால் கொண்டுபோன மனிசன் நின்று
எதையும் துலைச்சுப் போட்டியளோ என்றார்.
ஒன்பதாம் தரம் நிஸ்மியாவின் பர்தா ஊசி கழன்றது,
எனக்குத் தொடை.
பத்தாம் தரம்
காவலரணில் நின்ற நேவிப் பொடியன்
சத்தமாய் எண்ணத் தொடங்கினான்:
தஹய, எக்கொளஹ, தொளஹ...
கீழே கப்பல் ஒன்று விளக்கணைத்தது.
பதினெட்டில் அவன் கை தட்டவில்லை.
துவக்கைத் தோளில் சரிசெய்துகொண்டு
அரைத் தமிழில்
"அக்கா, எதுக்கு?" என்றான்.

நிஸ்மியா கொப்பியைப் புரட்டினாள்.
தண்ணீர், டியூப், யானை, ஜீவனி பக்கற்று,
ஹுன்னஸ்கிரியவில் தங்க
அவளுடைய மாமி முறையான ஒருத்தியின் நம்பர்.
எதுக்கு என்றொரு நிரல்
அதில் இல்லை.

இன்று பின்னேரம் பைகளைத் தூக்கிக்கொண்டு
பிரசவ வாட்டுக்குப் போனோம்.
ஊரில் பொய் சொல்லாத தராசு அங்கேதான்.
என் பையைக் கிடத்திப் பார்த்த மெடில்டா மிஸ்,
"நாலு கிலோ எழுநூறு.
தாய்க்குச் சீனி வருத்தமோ?" என்றா.
இரண்டாம் துவாய் வெளியே.
பவுடர் ரின் வெளியே.
மழை வராது என்ற நம்பிக்கை உள்ளே,
மழைக்கோட்டு வெளியே,
பிறகு மழைக்கோட்டு திரும்ப உள்ளே.
நிஸ்மியா சைக்கிள் பூட்டைத் தூக்கி எறிந்தாள்:
"மேலே வந்து களவெடுக்க
மூச்சுள்ளவன் இருந்தால்
கொண்டுபோகட்டும்."
மூன்று கிலோ நூறு.
மெடில்டா மிஸ் பழக்க தோசத்தில்
பையைத் துணியால் சுற்றித் தந்தா.

மிச்சம் லீவுப் படிவம் மட்டும்.
பெயர் எழுதினேன், திகதி எழுதினேன்,
எனக்குப் பதிலாய் நிற்கச் சம்மதித்தவளின்
கையெழுத்தும் வாங்கினேன்.
காரணம் என்ற இடத்தில்
பேனை நின்றது,
பொடியனின் கேள்வியை மறுபடி கேட்டது.
வெறுமையாய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

அதோடு அந்த அட்டையும்
ஒட்டுப்பட்டுப் போயிருக்கிறது.
மேற்றன் கூப்பிட்டா.
கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டி,
கோடு ஏறிய இடத்தில் விரலை வைத்தா.
பிளாஸ்டர் வரை போனா.
அதற்கு மேலும் போனா.

"இது
எந்தக் கட்டில்?"