மூன்றாம் வகை

காந்தல். விடிய நேரமிருக்கிறது.
வண்டி நடையைவிடக் கொஞ்சம் வேகம், அவ்வளவுதான்.
விரட்டினால் காற்று பொய் சொல்லும் என்பான் போஜராஜன்.
பம்பரில் கட்டிய குழாய்
மூடுபனியையும் சேர்த்து உறிஞ்சுகிறது.
வடிகட்டியை மூன்றாம் முறை கழற்றித் துடைக்கிறேன்.

திரையில் இரண்டு. இரண்டு. இரண்டு.
இது பொதுக் காற்று, யாருடையதும் இல்லை.
இதைத் தாண்டினால் யாரோ.

கேரட் கழுவும் இடத்தில் ஐந்து: சாக்கடை.
தொழுவத்தருகே ஏழு. எருமை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
பள்ளிவாசல் வளைவில் நாற்பது.

இறங்கினோம்.
தாரில் துளை போட்டுக் கம்பியை விட்டேன்.
ஈத்தேனும் இருந்தது, அப்படியானால் நம் குழாய்.
சுவருக்கும் துளைக்கும் இரண்டடி.
முதல் வகை.

கதவைத் தட்டினேன், காலிங் பெல்லைத் தொடாமல்.
"அடுப்பு வேண்டாம். ஸ்விட்ச் வேண்டாம். அப்படியே வெளியே வாங்க."
ஸ்வெட்டர்மேல் ஸ்வெட்டரோடு வந்தாள் ஜெயசீலி.
"மூணு வாரமா அழுகின முட்டை நாத்தம்.
பக்கத்து வீட்டுக்காரியத்தான் ஏசிக்கிட்டிருந்தேன்."
நடுரோட்டில் கொஞ்ச நேரம் நின்றாள்.
பிறகு போய்
அந்தக் கதவைத் தட்டினாள்.

ஆறரைக்கு, மார்க்கெட்டுக்குக் கீழே ஒரு சந்தில்
தொண்ணூறு.
ஈத்தேன் இல்லை.
இடம் மாற்றித் துளைத்தேன். இல்லை.
வால்வை அடைத்துத் திறந்து, மறுபடி. இல்லவே இல்லை.
"இங்க நம்ம லைனே கிடையாதே" என்று
வரைபடத்தை ஸ்டீயரிங்மேல் விரித்தான் போஜராஜன்.
"சதுப்பா இருந்த இடம் மேடம். மண்ணடிச்சு மேடாக்கினது."

மேலே தார். தார்மேல் தள்ளுவண்டி,
சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த கல்,
வர்க்கி அடுக்கும் ஒரு பையன்.
அடியில், வெளிச்சம் பார்க்காத புல்
நிதானமாக அழுகிக்கொண்டிருக்கிறது,
யாரும் நிறுத்தச் சொல்லவில்லை என்பதால்.

படிவத்தில் மூன்றே கட்டங்கள்.
ஒன்று: இப்போதே.
இரண்டு: ஆறு மாதத்துக்குள்.
மூன்று: ஆபத்தில்லை, அடுத்த ஆண்டு வந்து பார்க்கவும்.
சதுப்புக்குக் கட்டம் இல்லை.

'கசிவு இல்லை' என்று எழுதினேன்.
அடித்தேன்.
பேனா குளிரில் மறுத்தது, உள்ளங்கையில் உருட்டினேன்.
போஜராஜன் ஹாரனைத் தட்டினான்,
எட்டு மணிக்குள் கோத்தகிரி ரோடு பாக்கி.

மூன்று என்று போட்டேன்.
பொய்தான்.
ஆனாலும் அடுத்த ஆண்டு
யாராவது ஒருத்தர் இங்கே வண்டியை நிறுத்தி
மண்டியிட்டு
கேட்டாக வேண்டும்.