வரவேண்டிய இருபது

ஒன்பதாம் நாள் விடிகாலை
கிரைண்டர் நின்றுபோனது.
உள்ளே பாதி அரைபட்ட அரிசி,
வெள்ளைப் பணியாரத்துக்கு ஆகாத நறநறப்பு.
பள்ளத்தூர்க் கல்யாணத்துக்கு ஐந்நூறு எண்ணம் கேட்டிருந்தார்கள்.

செக்காலை ரோட்டுக் கடைக்காரர்
பேசாமல் சுவரைக் காட்டினார்.
'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது.'
சாமி படத்துக்குப் பக்கத்தில்
கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது அந்த வாசகம்.
வேறெந்தச் சட்டத்துக்குள்ளும் இல்லை அது என்று
எனக்குத் தெரியவர
இன்னும் மூன்று வாரம் இருந்தது.

"கம்பெனியில கேளுங்க ஆச்சி."

போனில் தேடினேன். மேலே வந்த எண்ணை அழுத்தினேன்.
முதல் மணியிலேயே எடுத்தான்.
அங்கேயே உறைத்திருக்க வேண்டும்,
எந்தக் கம்பெனி முதல் மணியில் எடுத்திருக்கிறது?
பெயரைக் கேட்டுக்கொண்டு
வார்த்தைக்கு வார்த்தை "உமையாள் மேடம்" போட்டான்.
புகார் பதிய ஐந்தே ரூபாயாம்.
ஒரு ஆப்பை இறக்கச் சொன்னான், இறக்கினேன்.
வந்த எண்ணைப் படிக்கச் சொன்னான், படித்தேன்.
ஐந்து ரூபாய்க்கு என்ன யோசனை,
கொத்தமல்லிக் கட்டே பத்து.

டிங். டிங். டிங்.
மூன்று குறுஞ்செய்தியில் பதினெட்டாயிரத்து முந்நூறு.
கல்யாண வீட்டு முன்பணமும்
மகளின் ஹாஸ்டல் கட்டணமும்.

வட்டியை வாயாலேயே போடுகிற கோட்டையூரில்
ஏமாந்தேன் என்ற சொல்
ஊறப்போட்ட உளுந்தாய் வாய்க்குள் உப்பியது.
கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

பாத்திரம் கழுவ வந்த பாண்டிமீனாதான்
முகத்தைப் பார்த்துவிட்டுப் போனைப் பிடுங்கினாள்.
எவ்வளவு என்று கேட்கவில்லை.
"எத்தனை மணிக்கு?" என்றாள்.
ஒன்று, ஒன்பது, மூன்று, பூஜ்யம்.
அவளே அழுத்தினாள்.
"சாயங்காலம் அழுதுக்கலாம்க்கா, இப்ப பேசு."
பதினோராயிரம் வழியிலேயே நின்றது.
மீதி
எந்த ஊரில் யார் வீட்டு உலையில் வெந்ததோ.

கடையில் தந்ததும் பில் இல்லை,
'எஸ்டிமேட்' என்று தலைப்பிட்ட துண்டுச் சீட்டு.
"பில் போட்டா வரி சேரும்" என்றபோது
தலையாட்டியவள் நான்தான்.
ஆகவே சிவகங்கை நுகர்வோர் ஆணையத்தில்
எனக்கு வேறு சாட்சி இல்லை, அதே போன்தான்.
ஜிபேயில் கடைப் பெயர், தேதி, மணி,
ரூபாய் ஆறாயிரத்து எண்ணூற்று நாற்பது.
அன்று திருடனுக்குத் தாழ் திறந்த கை
இன்று எனக்காகச் சத்தியம் செய்தது.

இரண்டாம் வாய்தாவுக்கு முன்
ஆட்டோவில் புது கிரைண்டர் வந்து இறங்கியது.
பில் எங்கே என்றேன். இல்லை என்றான் பையன்.
அதே ஆட்டோவில் ஏற்றி அனுப்பினேன்.
சாயங்காலம் பில்லோடு வந்தது.

இதோடு முடித்திருக்கலாம்.

தை மாதம் ஒரு ராத்திரி
புதுக் கல் சுற்றும் சத்தத்தில்
பள்ளத்தூர்க் கணக்கு ஞாபகம் வந்தது.
அன்று இரவல் கல்லில் அரைத்து, மாவு போதாமல்,
நானூற்று எண்பதோடு மூடியைப் போட்டு
ஐந்நூறுக்குப் பணம் வாங்கினேன்.
கல்யாணக் கூட்டத்தில் யார் எண்ணுவார்?
ஒருவரும் எண்ணவில்லை.
என் அடுப்படிச் சுவரிலும்
கண்ணுக்குத் தெரியாமல் ஒரு பலகை தொங்கியிருக்கிறது.

கூப்பிட்டேன். பயத்தில் மாற்றிய புது எண்ணிலிருந்து.
"உங்களுக்கு முந்நூறு ரூபா வரவேண்டியிருக்குங்க,
ஆவணியில உங்க வீட்டு..."
"வரும் வரும்" என்றது அந்தப் பக்கம்.
"அடுத்து ஓடிபி கேப்ப, நான் சொல்லணும்.
போயி வேற வீடு பாரு."

மறுபடி அடித்தேன்.
என் எண்ணைத் தடுத்துவிட்டிருந்தாள்.

கெட்டிக்காரி.
தனியாகச் சிரித்துக்கொண்டே
இருபதுக்கு மட்டும் அரிசி ஊறப்போட்டேன்.
காலையில் பள்ளத்தூர் பஸ் ஏறணும்,
தூக்குச்சட்டியைத் திறந்து முன்னால் வைக்கணும்.
அவளே எண்ணட்டும்.