எட்டாவது ஜோடி

வெளியே நாகப்பட்டினத்தில் அக்னி நட்சத்திரம்.
உள்ளே மைனஸ் பதினெட்டு.
நடுவில் தொங்குகிற பிளாஸ்டிக் திரையைத் தள்ளித் தள்ளி
இறால் பெட்டி அடுக்குகிற எட்டுப் பேர் நாங்கள்.

விரல் மரத்துப்போனால் உதறிக்கொள்ளலாம்.
மணிக்கட்டுதான் தொல்லை.
ரப்பர் உறை முடிந்து
கோட்டுக் கை இன்னும் தொடங்காத
அந்த நாலு விரற்கடை.
குளிர் அந்தச் சந்துக்குள் நுழைந்தால்
தோளில்தான் நிற்கும்.

முதலில் வாசல் தோரணத்துக்கு விற்கிற நூலை வாங்கினேன்.
ரோஸ் கலர், உருண்டை இருபத்தைந்து ரூபாய்.
உல்லன்தான் என்று சத்தியம் செய்தார் கடைக்காரர்.
வீட்டில் ஓர் இழையைத் தீக்குச்சியில் காட்டினேன்.
உருகிச் சுருண்டு கறுப்பு மணியாக நின்றது.
கம்பளியாக இருந்தால்
முடி பொசுங்குகிற நாற்றம் வந்திருக்கும்.
காசு போட்டாயிற்றே என்று பின்னினேன்.
ஒரு ஷிப்ட் போட்டுப் பார்த்த மரியபுஷ்பம்
கழற்றி மேஜையில் எறிந்தாள்:
"பார்க்க நல்லா இருக்கு. அவ்வளவுதான்."

பிறகு பருத்தி.
அது வெயிலுக்குப் பிறந்த சாதி நூல்,
ஈரத்தைக் குடித்தால் திருப்பித் தராது.
பத்தே நிமிடத்தில்
கைக்கு ஐஸ் வளையல்.

அண்ணனின் பட்டாளத்து ஸ்வெட்டர்
சுற்றி வளைத்துத்தான் என்னிடம் வந்தது.
அண்ணி அதைப் பழந்துணிக்காரரிடம் போட்டு
ஒரு பக்கெட் வாங்கியிருந்தாள்.
தெருமுனையில் அவரை மடக்கி
இரண்டு புடவை கொடுத்து மீட்டேன்.
முழங்கையில் ஓட்டை. கழுத்தில் டீசல் வாடை.
தீக்குச்சி.
முடி நாற்றம்.
அசல்.

அடியிலிருந்து இழுத்தால் ஒவ்வொரு கண்ணும் முரண்டு பிடிக்கும்.
பின்னல் முடிந்த இடத்திலிருந்து,
தோளிலிருந்து பிரிக்க வேண்டும்.
நூடுல்ஸ் மாதிரி சுருண்டு வந்ததை
நாற்காலி முதுகில் சுற்றிச் சிட்டம் கட்டி
இட்லிப் பானை ஆவியில் பிடித்து
படிக்கல் தொங்கவிட்டேன்.
காலையில் நூல் நேராக நின்றது.
அன்றைக்கு வீட்டில் யாரும் இட்லி கேட்கவில்லை.

வெளிப்பாளையத்து சைக்கிள் கடையில்
கூர் தீட்டி வாங்கிய நாலு போக்ஸ் கம்பி.
நாற்பத்தெட்டுக் கண் ஏற்றி
ரெண்டு நிட், ரெண்டு பர்ல்,
வட்டமாக, தையலே இல்லாமல்.
அப்படிப் பின்னினால்தான் இழுத்தால் விரியும்,
விட்டால் கவ்வும்.
பகலில் வியர்த்த கை நூலை இறுக்கிவிடுகிறது.
இரவு பதினொன்றுக்குக் கடற்காற்று வந்த பிறகு
அதே கை தாராளம்.
காத்தாயியின் முதல் ஜோடியில்
இடது பகல், வலது இரவு.
அவள் கண்டுபிடித்துவிட்டாள்.
அப்புறம் பகலில் தொடவே இல்லை.

சூப்பர்வைசர் தியாகேசன் டார்ச் அடித்துப் பார்த்தார்.
"ஒரு பிசிறு இறாலில் போனால்
கன்டெய்னரே திரும்பி வந்துடும்மா."
முடிச்சுப் போடாமல்
வால் நூலை ஊசியில் கோத்து
உட்புறமாகப் போய், திரும்பி, மறுபடி போய்
ஒளித்துக் காட்டினேன்.
உறைக்கு உள்ளேதான், வெளியே தெரியக் கூடாது என்றார்.
மறுநாள் தன் கையை நீட்டி
அளவு எடுக்கச் சொன்னார்.
நூல் இல்லை என்றேன். பொய்யில்லை.

ஏழு ஜோடி கொடுத்தாயிற்று.
எட்டாவது எனக்கு.
வலது முடிந்து, இடதில் பதினாறாம் சுற்றில்
நூல் நின்றுவிட்டது.
நம் ஊர் கடைமடை,
தண்ணீரும் இப்படித்தான் வந்து சேரும் என்று
ஜமீலா சிரித்தாள்.
மிச்சத்தை ரோஸ் நூலில் முடித்தேன்.

கார்த்திகை அடைமழையில் அண்ணன்
பீரோவைக் குடைந்து ஸ்வெட்டர் தேடினான்.
அண்ணி என்னைப் பார்த்தாள்.
நான் பக்கெட்டைப் பார்த்தேன்.

இப்போதும் குளிரறைக்குள்
கண்ணை மூடிக்கொண்டே சொல்வேன்,
இடது கையில்
பச்சை எந்த இடத்தில் முடிகிறது என்று.