டோக்கன் நாற்பது

உத்தண்டி டோல்கேட் தாண்டி
சவுக்குத் தோப்புக்கும் பரோட்டாக் கடைக்கும் நடுவே
தகரக்கூரை போட்ட தனியார் பூங்கா.
குட்டியைக் கையில் வைத்திருக்கலாம்:
ஐந்து நிமிடம், இருநூற்றைம்பது ரூபாய்.
மார்மோசெட் என்றது பலகை.
பிறந்து மூன்று வாரமான குரங்கு,
பெரிய எலுமிச்சம்பழம் அளவு.

எனக்கு எழும்பூரில் வேலை,
குறைமாதக் குழந்தைகள் வார்டு.
ஆறு வருடமாக நான் அதிகம் சொன்ன சொல்
"தொடாதீங்க".
மாமியார்களிடம்,
செல்போனோடு நுழையும் சித்தப்பாக்களிடம்,
கண்ணாடிப் பெட்டிக்குள் கைவிட்டு
விபூதி பூசப்போன ஒருவரிடம்.
அதே வார்டில்தான்
அப்பாக்களைச் சட்டை கழற்றச் சொல்லி
நாற்காலியில் சாய்த்து
வெறும் மார்மேல் குழந்தையைப் படுக்கவைத்து
துணியால் மூடுகிறேன்.
இதுதான் மருந்து, அசையாதீங்க என்கிறேன்.
இரண்டையும் சொல்வது ஒரே வாய்.

முன்னால் நின்ற ஏழெட்டுப் பேரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
சானிட்டைசர் காய்வதற்குள் கை நீட்டினார்கள்.
"கடிக்குமா?" என்றார் ஒருவர்.
பிறந்தநாள் தொப்பி போட்ட பையன்
அதன் தலையிலும் ஒரு காகிதத் தொப்பி வைத்துப் பார்த்தான்.
எல்லாரும் மெதுவாகத்தான் பிடித்தார்கள்,
அதைச் சொல்லியாக வேண்டும்.
கொடுமைக்காரர் என்று ஒருவரும் இல்லை
அந்த வரிசையில்.

எங்கள் முறை.
ஜெனிட்டாவிடம் கொடுப்பதற்கு முன்
நான் வாங்கினேன், ஒரு நொடிக்கென்று.
பழக்கதோஷம்:
இரண்டு விரல் தானாக அதன் மார்புக்குப் போயிற்று.
பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால்
முந்நூறுக்கு மேல்.
பயமா, இல்லை
இந்த இனத்துக்கே அதுதான் நிதானமா?
எங்கள் சுவர் அட்டவணையில்
மனிதக் குழந்தைகள் மட்டும்தான்.
என் கட்டைவிரலைச் சுற்றிப் பிடித்திருந்தது.
பாசம் என்று போட்டோ எடுப்பார்கள் இதை.
வார்டில் இதற்குப் பெயர் அனிச்சைச் செயல்;
கயிற்றைக் கொடுத்தாலும் பிடிக்கும்.

"காலையிலேர்ந்து எத்தனை பேர்?"
"நீங்க நாப்பது. சாயங்காலம்தான் மேடம் கூட்டமே,"
என்றார் பார்த்துக்கொள்ளும் குப்புராஜ்.
"கூண்டுல இருந்தா அப்பன் முதுகுல சுமக்கும்.
இங்க நான்தான்."
அவர் சட்டையில் மூன்றாவது பொத்தான் இல்லை.
ஆள் மாறும் இடைவெளியில்
அந்த வழியாகத்தான் அதை உள்ளே விடுகிறார்.

காசு திரும்பத் தரப்படமாட்டாது, பலகையிலேயே இருந்தது.
நான் கேட்கவுமில்லை.
"எங்க அஞ்சு நிமிஷம் உள்ளேயே இருக்கட்டும்."
என்னைப் பார்த்தார்.
மேலே கேமராவைப் பார்த்தார்.
அதற்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார்.
சட்டைக்குள் ஒரு முடிச்சு நகர்ந்தது,
கொஞ்ச நேரம் இடம் தேடியது,
அப்புறம் நகரவில்லை.
ஐந்து நிமிடம் இவ்வளவு நீளம் என்று
டோக்கன் நாற்பத்தொன்றுக்கு அன்றுதான் தெரிந்திருக்கும்.
மணி அடித்தார்கள்.
நாற்பத்தொன்று கை நீட்டியது.

திருவான்மியூர் வரை பஸ்ஸில் ஜெனிட்டா வாய் திறக்கவில்லை.
டெப்போ வாசலில் சொன்னாள்:
"எல்லாரும் தொட்டாங்க. நான் மட்டும்தான் தொடல."
இன்னைக்கு அதுக்கு ஒரு ஆள் குறைஞ்சுதே
என்று கணக்குச் சொன்னேன்.

"எங்க குறைஞ்சுது?
நீ தொட்டியே."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.
கட்டைவிரலில் இன்னும் அந்தப் பிடி,
நூல் சுற்றி அவிழ்த்த மாதிரி.

எட்டு மணிக்கு ட்யூட்டி.
வாஷ்பேசின் மேல் ஒட்டியிருக்கிறது:
முழங்கை வரை சோப்பு போட்டு
நாற்பது எண்ணும்வரை தேய்க்கவும்.