மூட்டைக்கு ஐந்து ரூபா

வேறு ஊர்களில் அந்தச் சொல்லுக்கு
ஆலமரமும் சொம்பும் தீர்ப்பும் உண்டாம்.
புறக்கோட்டையில்
நாட்டாமை என்றால் மூட்டை தூக்குகிறவன்.
நாலாம் குறுக்குத் தெருவில், இந்தக் கடைக்கு, ஆறு பேர்.
ஆறு பேருக்கும் பேசுகிறவன் நான்.
நாட்டாமைகளின் நாட்டாமை என்று
பிளேன்டீ ஆற்றும் இன்னாசி கேலி பண்ணுவான்.

மாசியில் கூலியைக் கூட்டிக் கேட்கச் சொல்லி
என்னைக் கல்லாவுக்கு அனுப்பினார்கள்.
மூட்டைக்கு ஐந்து ரூபா. அவ்வளவுதான்.
தாமோதரம் முதலாளி கோபிக்கவில்லை.
மேசையில் கிடந்த வெங்காயச் சருகை ஊதிவிட்டு
"ஏலாது" என்றார்.

வெளியே ஐந்து முகங்கள்.
ஜவ்ஃபர் சாரத்தை மடித்துக் கட்டியபடி.
லயனல் விரலிடுக்கில் பீடி,
செய்தி வரட்டும் என்று பற்றவைக்காமல்.
அந்தப் பீடிதான் என்னைக் கெடுத்தது.
"சரியாம்" என்றேன்.
"திங்கள் தொடக்கம்."

அன்றைக்கே என் பெயர்
எனக்கு முன்னால் நடக்கத் தொடங்கியது.
கெய்சர் வீதிக் கரத்தைக்காரர் இருவர்
தங்களுக்கும் வந்து பேசச் சொன்னார்கள்.
இன்னாசி காசு வாங்கவில்லை.

ஒன்பது நாள்
அந்த ஐந்து ரூபாவை நானே கொடுத்தேன்,
முதலாளி தந்ததோடு கலந்து,
மடித்த தாள்களாக.
ரஞ்சிதத்தின் காப்பு இரண்டும்
செட்டியார் தெருவில் இருந்தன.
"எங்கே" என்று கேட்டாள்.
"பத்திரமாக இருக்கு" என்றேன்.
அடகுக்கடை இரும்புப் பெட்டியைவிட
எது பத்திரம்.

பத்தாம் நாள் காசு முடிந்தது.
மழை. தம்புள்ளை லொறி மூன்று
படங்கு மூடி நின்றன.
பின்பலகைக்கு அடியில் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னேன்.
எங்களுக்காகவா என்று ஒருவராவது கண்கலங்குவார்,
அந்த நப்பாசை இருந்தது;
அதையும் மறைக்கவில்லை.

ஜவ்ஃபர்தான் வாய் திறந்தான்:
"அவர் ஏலாண்டு சொன்ன அண்டைக்கே
நாங்க கரத்தைய நிப்பாட்டியிருப்பம்.
எங்கட கோவத்த யாரக் கேட்டு
அடகு வச்சீங்க?"

லயனல் சிங்களத்தில் ஒரு சொல் சொன்னான்.
அதை நான் மொழிபெயர்க்கப் போவதில்லை.

பிறகு அவனே எங்களுக்குப் பேசினான்.
நான் தூக்கினேன்.
ஐம்பது கிலோ, ஐம்பது கிலோ, ஐம்பது கிலோ,
ஈரம் ஏறினால் இன்னும் இரண்டு.
நல்ல பெயர் எடையில்லாதது என்று
எந்த மடையன் சொன்னான்.
இன்னாசி காசு வாங்கத் தொடங்கினான்,
அதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதி.

போயாவுக்கு முந்திய இரவு லொறி வரும் என்றார்கள்.
இரவுக்கூலி யார் கேட்பது?
லயனலின் தமிழ் முதலாளிக்கு
வேண்டாத நேரங்களில் விளங்காது.
அவன் என்னைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.
"நீ போ.
அவர் சொல்றத மட்டும் தூக்கிட்டு வா.
வழியில பிரிக்காத."

போனேன்.
ஒரு சொல்தான் தந்தார், பழைய சொல்.
அதைப் படிக்கட்டால் இறக்கிக்கொண்டு வந்தேன்,
ஒரு நூலும் அறாமல்.

"ஏலாதாம்."

உண்மையா என்று ஒருவரும் கேட்கவில்லை.
லயனல் பீடியைப் பற்றவைத்தான்.
ஜவ்ஃபர் கரத்தையைத் தெருவுக்குக் குறுக்கே இழுத்து
சாய்த்துப் போட்டான்.
பிறகு மற்றது. பிறகு என்னுடையது.
பின்னால் பஸாரின் அத்தனை ஹோர்னும் கத்தின.
நாங்கள் கரத்தைகளின் மேல் உட்கார்ந்திருந்தோம்.
முதலாளி மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார்,
உள்ளே போனார்,
மறுபடி பார்த்தார்.

சட்டைப் பையில் அடகுச் சீட்டு
வியர்வையில் நனைந்து ஒட்டியிருக்கிறது.
ரஞ்சிதத்துக்கு இன்னும் சொல்லவில்லை.
இன்று இரவு.